ஒரு அடி தப்பிருச்சு

இல்லைங்க அம்மிணி, போட்டாப் புடிக்கவெல்லாம் வரலைங்க. நீங்க பாட்டுக்கு மூஞ்சிக்குப் பவுடரப் போடுங்க, நான் இப்பிடி ஓரமா இந்தப் பெஞ்சுல சித்த நேரம் உக்காந்துக்கறேன். பள்ளிக்கூடத்துக் கேட்டுல நிக்கற ஆளு உட மாட்டேன்னே அடம் புடிச்சாருங்க. பாடற அம்மிணிக்கு நான் சின்னம்மா முறை வேணும்னு ஒரு பொய்யச் சொல்லிப்போட்டுத்தான் உள்ள வந்தேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க மேடையேற இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குதுல்லங்க? நோட்டீசுல ஆறரைன்னு போட்டிருக்குது, ஆறரைன்னா நீங்க ஏழுக்குத்தான் ஆரம்பிப்பீங்க. மூணு நாளாப் பாத்துட்டுத்தான இருக்கேன்.

ஆமாங்க, மூணு நாளா. வெள்ளிக்கெழமை மோகனூரு, நேத்து திருச்செங்கோடு, இன்னிக்கு இந்த எடப்பாடி. நீங்க எங்கெங்க பாடறீங்களோ அங்கெல்லாம் முன்வரிசைல எனக்கு ஒரு சேரு. வெள்ளிக்கெழமை மஞ்சக் கலருச் சீலை கட்டியிருந்தீங்க, நேத்து கத்திரிப்பூக் கலரு, இன்னிக்குப் பச்சைங்களா? உங்களுக்குப் பச்சை நல்லா எடுக்கும். ஆனாக் கொரலு கட்டியிருக்குது. அந்த ஐஸ் தண்ணிய அக்கட்டால வெய்யுங்க, சுடுதண்ணி வாங்கிக் குடிங்க. பைத்தியம் போலன்னு நெனைச்சுப்போடாதீங்க, எனக்குப் பாட்டுன்னா உசுரு. மோகனூர்ல செண்டை மேளம்னு வெளியூர்ல இருந்து முப்பது பேரக் கூட்டியாந்திருந்தாங்க, திருச்செங்கோட்டுல பேண்டு செட்டு வேற, காது ரெண்டும் அடைச்சுக் கெடக்குது. ஆனா என்னதான் சத்தம் போட்டாலும் உங்க செவ்வந்தி இன்னிசைக் குழு ஏறுனாத்தான் சனம் அடங்கி உக்காருது. அதச் சொல்லோணும்.

உங்க குழுவுல எல்லாத்தையும் எனக்கு இப்ப அத்துபடிங்க. மினுமினுன்னு கோட்டுப் போட்டுட்டு மைக்குல மூச்சு உடாமப் பேசறவரு குருமூர்த்தி. கீபோர்டு வாசிக்கறவருக்கு எடது கையில கட்டு, ஸ்டூல்ல இருந்து உழுந்துட்டாராமா. தபேலாக்காரரு வெத்தலை போடாம உக்கார மாட்டாரு. அந்த டிரம்ஸ் பேடு அடிக்கறாரே, அவரு மட்டுந்தான் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறாரு. மூணு மேடைலயும் தொப்பிய இழுத்து உட்டுட்டு அந்தப் பெரிய ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னால. நோட்டீசுல எல்லாத்து போட்டாவும் போட்டிருக்குது, பேடுன்னு போட்டு அதுக்கு நேரா கார்த்தின்னு பேரு மட்டும். போட்டாவக் காணம்.

ஏனுங்க அம்மிணி, கையி நின்னு போச்சு? மை ஈஷிக்கப் போகுது, பாத்து.

நான் யாருன்னு சொல்லிப்போடறேன். எம் பேரு ராசாத்திங்க. சங்ககிரிப் பக்கம். இருபத்தாறு வருசமா விசைத்தறி ஓட்டறேன். ஒரு கொட்டாய்ல பன்னெண்டு தறி ஒட்டுக்கா ஓடும், பக்கத்துல நிக்கறவ கத்துனாக் கூடக் கேக்காது. ஆனா அந்த இரைச்சல்ல, மூலைல ஓடற ஏழாவது தறில ஒரு இழை அந்துச்சுன்னா எனக்குத் தெரிஞ்சு போயிரும். கண்ணால பாத்துத் தெரியறதில்லைங்க, காது சொல்லும். அடி ஒரு மாதிரி வந்துட்டே இருக்கும், ஒண்ணு மட்டும் வராது. அவ்வளவுதான். தூக்கத்துல கூட எனக்கு அது தப்பாது.

வெள்ளிக்கெழமை மோகனூர்ல நான் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தனுங்க. கோயில் நோம்பிக் கச்சேரில சீட்டு எழுதிக் குடுக்கறது வழக்கந்தான, இன்னாருக்காக இன்னாரு விரும்பிக் கேட்ட பாட்டுன்னு. என்ற பேர எழுதல. சீனிக்கெழங்குக்காக அவங்கம்மா விரும்பிக் கேக்கும் தாலாட்டுப் பாட்டு, அப்பிடின்னு எழுதுனேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. குருமூர்த்தி அதப் படிச்சுப்போட்டு, கெழங்கு சுட்டதா வேவிச்சதாம்மான்னு மைக்குல கேக்க, அத்தனை சனமும் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அவரு பேசறப்பப் பின்னால பேடு மெதுவா ஓடிட்டிருக்கும் பாருங்க, டிக்கு டிக்குன்னு. சீனிக்கெழங்குன்னு அவரு வாயில வந்ததும் ஒரு அடி தப்பிருச்சு.

ஒரே ஒரு அடி. சனம் ஒருத்தருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுச்சு. அப்பறம் நீங்க வெடுக்குன்னு அந்தத் தொப்பிக்காரரத் திரும்பிப் பாத்தீங்க. அப்பத்தான் அம்மிணி எனக்குப் பட்டுச்சு, உங்களுக்கும் விசயம் தெரியும்னு.

பயப்படாதீங்க. நான் சண்டை போட வரல. அந்தத் தொப்பிக்காரரு கார்த்தி இல்லைங்க, நவீன்குமாரு. சீனிக்கெழங்கு என்ற மவ சௌமியா. பொறந்தப்பச் செவச்செவன்னு உருண்டையா இருப்பா, அவங்கண்ணன் பூபதிக்கு அப்ப ஏழு வயசு, தொட்டில எட்டிப் பாத்துப்போட்டு, அம்மா இது சீனிக்கெழங்குன்னான். அவன் வெச்ச பேருதான் அது. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு, அவளுக்கு, அவனுக்கு. இப்ப இந்த நவீனுக்கும் தெரிஞ்சிருக்குது, அவதான் சொல்லியிருப்பா.

மாட்டேன், மாட்டேன், எந்திரிக்காதீங்க. நீங்க தெரியாதுன்னு சொன்னாலும் நான் நம்பிக்கறேன். ஆனாச் சொல்ல வந்ததச் சொல்லிப்போட்டுப் போறேன், சித்தக் கேளுங்க.

ஐப்பசில போனா. காலேசுல ஒரு பரீட்சை பாக்கின்னு போனவ, பொழுதோட ஊடு திரும்பல. மக்காநாள்தான் தெரிஞ்சுச்சு, இந்தப் பையங்கூடப் போயி எங்கயோ ஒரு கோயில்ல தாலி கட்டிக்கிட்டான்னு. பையன் நம்மாளுங்க இல்லைங்க. அவங்கப்பாரு எங்கூரு நோம்பிக்குத்தான் தப்பு அடிக்க வருவாரு. எங்க மாமியா செத்தப்பவும் அவருதான் அடிச்சாரு, விடிய விடிய, கையி வீங்கிப் போச்சு. கொட்டுச் சத்தம் இல்லாம எங்கூட்டுல ஒரு கல்யாணம் இல்ல, ஒரு சாவு இல்ல. கொட்டறவரு ஊட்டுக்கு மட்டும் பொண்ணு போகப்படாது. அது என்ன நாயமோ எனக்கு வெளங்கல அம்மிணி. அப்பவே வாயத் தொறந்து கேட்டேனான்னா, கேக்கல. கேக்கறதுக்குத் தைரியம் இல்ல.

பூபதி அன்னிக்கு டிவியத் தூக்கி வாசல்ல போட்டான். ரிக்கு வண்டில போறவனுங்க அவன், போரு போட. ஒடிசா, சத்தீஸ்கர்னு ஆறு மாசம் போயிருவான். எழுநூறு அடி போயும் தண்ணி வரலைன்னாத் தோட்டத்துக்காரனே போதும்ப்பா நிறுத்திக்கலாம்பான், இவன் இன்னும் ஒரு ராடு எறக்குன்னு நிப்பானாமா. அவங்கூடப் போற டிரைவரே எங்கிட்டச் சொன்னாரு. அப்பிடி ஒரு புடிவாதம். மூணு வாரம் சிநேகிதனுகளக் கூட்டிட்டு ஓசூரு, பெங்களூருன்னு தேடுனான். கெடைக்கல. தை மாசம் அவளுக்குக் கருமாதி பண்ணிப்போட்டாங்க.

உசுரோட இருக்கறவளுக்குத்தாங்க. நீங்க கேள்விப்பட்டதில்லையா? எங்க பக்கம் உண்டு. எங்கூட்டுக்காரரு தீர்த்தகிரி மொட்டை அடிச்சுக்கிட்டு நின்னாரு. நாலு ரோட்டுல அவ போட்டாவப் போட்டுக் கண்ணீர் அஞ்சலின்னு பிளக்ஸு. காலேசு ஆண்டு விழாவுல எடுத்த போட்டா, பல்லுத் தெரியச் சிரிச்சுட்டு நிப்பா. நான் தறிக்குப் போறப்ப வாரப்ப அந்தப் பிளக்ஸுக்குக் கீழதான் நடக்கோணும். கண்ண மூடிட்டு நடப்பேன். ஆனா ஒண்ணு, கருமாதி முடிஞ்சதும் பூபதி அமைதியாயிட்டான். கோவம் அதோட தீந்துச்சுன்னு நெனைச்சேன். ஒரு பேச்சு இல்ல, ஒரு கத்தல் இல்ல. எல்லாத்துக்கும் முன்னாடி என்ற தட்டுல சோத்த அவனே போட்டு வெப்பான்.

தண்ணி இருக்குதுங்களா, ஒரு வாயி? குடுங்க. புண்ணியமாப் போகும்.

அப்பறம் இந்தச் சித்திரைல ஒரு நாளு, தறிக்கொட்டாய்க்கு வெளிய நின்னு டீ குடிச்சுட்டிருக்கேன், என்ற பழைய பட்டன் போனு அடிச்சுச்சு. தெரியாத நம்பரு. அலோன்னா, அந்தப்பக்கம் மூச்சுத்தான் கேக்குது. மூச்ச வெச்சே தெரிஞ்சுக்கிட்டேன் எம் புள்ளைன்னு. அம்மா, நாள் தள்ளிப் போயிருக்குதும்மா, மூணு மாசம்னா. என்ன சாமி திங்கோணுமாட்ட இருக்குதுன்னு கேட்டேன், அதுதான் மொதல்ல வாயில வந்துச்சு. சீனிக்கெழங்குன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம், அழுதோம். எங்கிருக்கேன்னு கேக்கறதுக்குள்ள வெச்சுப்போட்டா. திருப்பிப் போட்டா சுவிச்சாப். ஆனா அவ பேசறப்பப் பின்னாடி ஒரு மைக்குச் சத்தம் கேட்டுச்சு. உங்கள் செவ்வந்தி, உங்கள் செவ்வந்தி, மைக் டெஸ்டிங்னு. குருமூர்த்தி கொரலுதான். மோகனூர்ல நேருல கேட்டப்பச் சிலிர்த்துப் போச்சு எனக்கு.

பூபதிகிட்டச் சொன்னேனான்னா... சொன்னேங்க.

ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? எங்க பக்கத்துல தாய்மாமன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? மொட்டை போட, காது குத்த, அவன் மடி இல்லாம முடியுமா? தங்கச்சி மேல எத்தனை கோவம் இருந்தாலும், அவ வயித்துல இருக்கறது மேல ஒருத்தனுக்குக் கோவம் இருக்குமா? பத்து நாள் ரோசனை பண்ணித்தான் சொன்னேன். சோறு போட்டுக்கிட்டே, சாமி, நீ மாமன் ஆகப் போறன்னேன். கையில எடுத்த சோத்த அப்பிடியே வெச்சிருந்தான் ரொம்ப நேரம். அப்பறம் தின்னான். எத்தனை மாசம்மான்னு மட்டும் கேட்டான். நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி அழுதேன், சந்தோசத்துல.

எங்கிருக்கான்னு சொல்லலைங்க, எனக்கே தெரியாதே. செவ்வந்தின்னு ஒரு குழு இருக்குதா சாமி, எந்தூருன்னு ரெண்டு நாளு கழிச்சுச் சும்மா கேக்கற மாதிரிக் கேட்டேன். அவனுக்கு அது எங்க தெரியப் போகுது, நான் பாட்டுக் கேக்கறவதான. எதுக்கும்மான்னான். தறில பொண்ணுக பேசிக்கிட்டாங்க, நல்லாப் பாடறாங்களாமான்னு சமாளிச்சுட்டேன். அத்தோட உட்டுட்டான். ஆனா நாலே நாள்ல ஒரு நோட்டீசக் கொண்டாந்து என்ற தலகாணிகிட்ட வெச்சிருந்தானுங்க. மோகனூரு நோம்பி, வெள்ளிக்கெழமை செவ்வந்தி இன்னிசைக் குழு. அம்மா, நீ பெரியம்மா ஊட்டுக்குப் போயி மூணு நாளு இருந்து ஆசை தீரக் கேட்டுட்டு வா, தறிக்கு லீவு நான் சொல்லிக்கறேன்னான். கருமாதிக்குப் பொறகு தறிக்குத் தவிர என்னையத் தெருமுனைக்குக் கூடத் தனியா உட்டதில்லைங்க அவன். அந்த வாரமே இந்தப் போனு வேற. பட்டன் போன வெச்சுட்டு எத்தனை நாளைக்கும்மா, வெளியூரு போறவ தொலைஞ்சு போயிருவேன்னு சொல்லிப் புதுசு வாங்கிக் குடுத்தான். படத்தோட பேசலாமாமா. எனக்கு எடுக்கவும் வெக்கவுந்தான் தெரியும்.

மனசு எளகிப் போச்சு அவனுக்கு. அப்பிடித்தான் நான் நெனைச்சுக்கிட்டேன்.

மோகனூர்ல சீட்டு குடுத்து, அந்த ஒரு அடி தப்புனதும் ராத்திரி எங்கக்கா ஊட்டுல நான் தூங்கவே இல்ல. மக்காநாள் கச்சேரி எங்கன்னு குருமூர்த்தி மைக்குலயே சொல்லியிருந்தாரு, விடிஞ்சதும் அக்காகிட்ட ஊருக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறிட்டேன். ஒருத்தருக்கும் சொல்லல, பூபதிகிட்டயும்தான். எதுக்குச் சொல்லோணும்? மொதல்ல அவளக் கண்ணுல பாப்போம், அப்பறம் மெதுவா அவனக் கூட்டியாந்து சேத்து வெப்போம்னு ஒரு கணக்கு. நேத்தும் சீட்டு குடுத்தேன். சீனிக்கெழங்குக்காக, கெழங்கு கொண்டு வந்த அம்மா கேக்கும் பாட்டுன்னு. நேத்து அவன் அடி தப்பல, உசாராயிட்டான். ஆனா உங்களுக்குப் பாட்டுல கொரலு நடுங்கிருச்சு. அந்தத் தாலாட்ட நேத்து நீங்க என்னையப் பாத்தே பாடுனீங்க. பாடலைன்னு சொல்லுங்க பாப்போம்?

மூஞ்சியத் திருப்பிக்காதீங்க. எனக்குத் தெரியும்.

நேத்துப் பாட்டுக்கு நடுவுல மழை வந்துச்சே, நீங்கெல்லாம் தார்ப்பாயிக்குள்ள ஓடுனீங்க, நான் ஒரு செருப்புக்கடைத் தாழ்வாரத்துல ஒதுங்கி நின்னேன். அப்பத்தான் பூபதி கூப்பிட்டான். அம்மா, நனைஞ்சுக்காதங்கறான். நான் பெரியம்மா ஊட்டுலதான இருக்கேன் சாமின்னேன். சரிம்மான்னு வெச்சுட்டான். அப்பறம் அக்காவுக்குப் போட்டுக் கேட்டா மோகனூர்ல ஒரு சொட்டு மழை இல்லைங்கறா. எப்பிடித்தான் அவனுக்குத் தோணுச்சோ. பெத்த புள்ளைக்கு மனசுல படும் போல.

எங்கூட யாரா? யாரும் இல்லைங்க, தனியாத்தான். ராத்திரி அடிவார மண்டபத்துல படுத்துக்கிட்டேன், என்னாட்டம் பொம்பளைக நாப்பது பேரு இருந்தாங்க. தெரிஞ்ச மூஞ்சின்னு ஒருத்தரும் இல்ல. ஒரு வெள்ளக் காரு மட்டும் மூணு நாளாப் பாத்துப் பாத்துத் தெரிஞ்ச காராயிருச்சு. பின்னாடிக் கண்ணாடில சிங்கம் ஒட்டியிருக்குது. மோகனூர்ல ஆத்துக்குப் போற வழில நின்னுச்சு, நேத்து அந்தச் செருப்புக்கடைக்கு எதுத்தாப்புல, இன்னிக்கு இங்க புளியமரத்தடில. என்ன ரசனையோ போங்க, பாட்டுக் கேக்க வாராங்க, காரு உட்டு எறங்கறதே இல்ல. கண்ணாடியையும் எறக்கறதில்ல. உள்ள உக்காந்தே கேப்பாங்க போல.

எனக்குப் பயமில்லைன்னு சொல்லுவனா? பயந்தான் அம்மிணி. அவ என்ற மூஞ்சில முழிப்பாளான்னு பயம். கருமாதி அன்னிக்கு நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். எழவுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி மோந்து குடுத்தேன். எம் புள்ளை உசுரோட இருக்குதுடான்னு ஒரு வார்த்தை கத்தல. அதுக்கு அவ காலுல உழுந்து மன்னிப்புக் கேக்கோணும். அதுக்குத்தான் மூணு நாளா இப்பிடி நாய் மாதிரி அலையறேன். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. இந்த வயர்க்கூடைல பாருங்க, கெழங்கு. மத்தியானத்துக்கு மேல, பஸ் ஏறறதுக்கு முன்னாடி அந்த மண்டபத்து ஓரத்துல இட்டிலி சுடற பொம்பளைகிட்டக் கெஞ்சி, அவ அடுப்புலயே வேவிச்சு எடுத்தாந்தேன். தொட்டுப் பாருங்க, இன்னும் வெதுவெதுன்னு இருக்குது. இத அவ திங்கறத நான் பாத்துப்போட்டாப் போதும். அடுத்த பஸ்ஸுல போயிருவேன்.

அழுவாதீங்க. மேக்கப்பு கலைஞ்சுரும். நீங்க எதுக்கு அழுவறீங்க?

உங்கூட்டு மாடிலயா? அட என்ற சாமி! அஞ்சு கிலோமீட்டருலயா இருக்கறா? நான் பஸ்ஸுல வந்த வழிதான! நல்லா இருக்கறாளா, சோறு நிக்குதா, வாந்தி எடுக்கறாளா? நீங்களாக் கண்ணு பாத்துக்கறீங்க, நீங்களா! உங்க கையக் குடுங்க. நல்லா இருப்பீங்க. நல்லா இருப்ப கண்ணு நீ.

கூப்புடறியா? இப்பவா? கூப்புடு கூப்புடு. இரு, என்ற தலை கெடக்கற கோலம்... போனுல தெரியாதுல்ல. குடு கண்ணு.

சாமீ. அம்மாதான். அம்மாதான் சாமி. அழுவாத, வயித்துப்புள்ளைக்காரி அழுவப்படாது. ஆமா, அந்தச் சீட்டு நான் எழுதுனதுதான். கெழங்கு கொண்டாந்திருக்கேன். நான் அங்க வாரேன், வழி சொல்லு... நீ வாரியா? எதுக்கு சாமி அலையற... சரி. சரி சரி. மெதுவா வா, பள்ளம் மேடு பாத்து வா. ஒருத்தரும் இல்ல, நான் ஒருத்திதான். சத்தியமா. வைக்கறேன்.

கெளம்பிட்டாளாமா கண்ணு. நவீன் மேடைல பேடுக்கு வயரு மாட்டிட்டிருக்கானாமா, அவங்கிட்டச் சொன்னா வேண்டாம்பான்னு அவகிட்டயே இருக்கற ஸ்கூட்டிய எடுத்துட்டு வாராளாமா. பத்தே நிமிசம்னா. எனக்கு நெஞ்சு எப்பிடி அடிக்குது பாரு, இங்க கைய வெச்சுப் பாரு. தறி ஓடற மாதிரி ஓடுது.

உஸ்ஸு. என்ற போனா இது? ஆமா, இடுப்புல உறுமுது. பூபதிதான். எடுக்கட்டுமா? வேண்டாம், எடுத்தா என்ற கொரலே காட்டிக் குடுத்துரும். அடிச்சு அடிச்சு ஓயட்டும்... நின்னு போச்சு. எடுக்கலைன்னா நாலு தடவை போடுவான் எப்பவும். இன்னிக்கு ஒண்ணோட உட்டுட்டான். நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுருக்கும், அதான் சும்மா இருக்கறான்.

சொல்லல, சொல்லல. நான் எங்க சொன்னேன்? நான் சொல்லவே வேண்டியதில்ல கண்ணு, அவனாப் பாத்துக்குவான். இப்பத்தான் எனக்கு ஞாபகமே வருது, இந்தப் போனு வாங்குன அன்னிக்கே ஏதோ ஒண்ண இதுல ஏத்திக் குடுத்திருக்கறான். நான் எந்த ஊருல, எந்தத் தெருவுல நிக்கறேன்னு அவன் போனுல ஒரு நீலப் புள்ளியாத் தெரியுமாமா. நீ எங்க போனாலும் நான் உம் பின்னாடியேதான்ம்மா இருப்பேன்னான். பாசக்காரன். அம்மா தொலைஞ்சு போயிருவாளோன்னு அவனுக்கு...

ஏங்கண்ணு எந்திரிச்ச? போன எதுக்குப் புடுங்கற? அமத்தி வெச்சா என்ன, அமத்தாட்டி என்ன, அதான் மூணு நாளாத் தெரியுமே அவனுக்கு.

மூணு நாளா.

அந்தச் சன்னல் கதவத் தள்ளு கண்ணு. புளியமரத்தடில பாரு. வெள்ளக் காரு... இல்ல? இப்பத்தான கெடந்துச்சு, நான் வாரப்பப் பாத்துட்டுத்தான வந்தேன். கேட்டுகிட்டயா? கேட்டுக்கு முன்னாடியா வந்து நிக்குது? சிங்கம் ஒட்டியிருக்குதா, நல்லாப் பாரு. எத்தனை பேரு எறங்கறாங்க? மயிலிறகு நெறத்துல சட்டை போட்டவனா? ஒசரமா? இந்தச் சித்திரைக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டை கண்ணு அது.

அவளக் கூப்புடு. திருப்பிப் போகச் சொல்லு. கூப்புடு சாமி, மறுக்கா கூப்புடு, உட்டுட்டு மறுக்கா போடு. நவீனையும் கூப்புடு, ஆளு அனுப்பு, போலீசக் கூப்புடு. மணி அடிக்குதா? அடிக்குதா? எடுக்கலையா?

எடுக்க மாட்டா. வண்டி ஓட்டறப்பப் போனு அடிச்சா எடுக்கவே கூடாதுன்னு, அவ காலேசுக்கு வண்டில போக ஆரம்பிச்சப்ப என்ற தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கேன் கண்ணு. அத மட்டும் இன்னி வரைக்கும் அவ மீறுனதில்ல.